க்ராஸ் இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற உதவி தேவை

நண்பர்களே, இங்கிலாந்து பங்க் ராக் இசைக்குழு க்ராஸின் 'தி ஃபீடிங் ஆஃப் தி 5000' (1978-இல் ஒலிப்பதிவானது, ஸ்மால் வொண்டர் நிறுவனப் பதிப்பு) தட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினியில் பதிவு செய்தாயிற்று. 12 அங்குலத் தட்டுதான், ஆனால் 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று). 33-இல் ஓட்டினால் பாட்டு இழுக்கும்.

சிக்கல் முதல் பாட்டில். அயர்லாந்து இசைத்தட்டு அச்சு ஆலைத் தொழிலாளர்கள் மதநிந்தனை என்று 'அசைலம்' பாட்டை அச்சடிக்க மறுத்தார்கள். அந்த இடத்தில் சுமார் 2 நிமிட மௌனத்தை வைத்து 'தி சவுண்ட் ஆஃப் ஃப்ரீ ஸ்பீச்' என்று பெயரும் வைத்தது குழு. என்ன குசும்பு! ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் பாட்டுகளைத் தனித்தனியாக்கும் தானியங்கிப் பிரிப்போ அதை வெறும் இடைவெளி என்று ஒதுக்கிவிடுகிறது. மௌனம் என்று கொள்ளும் டெசிபல் (ஒலி அளவு) வரம்பைக் குறைத்தால் ஊசியின் இரைச்சலே பாட்டாகி, அடுத்த பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சல் குறைப்பு) போட்டால் ஸ்னேர் டிரம்மின் கூர்மை போய்விடும், அது வேண்டாம்.

கையால் குறியிடுவதைத் தவிர வழி உண்டா? 'அசைலம்' சேர்த்து வந்த மறுபதிப்பு வைத்திருப்பவர்கள் பாட்டுகளின் நீளத்தைச் சொன்னால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.