கிரான்ஃபோர்டு நாவலும் எங்கள் காபித் தோட்டமும்: கட்டுரையில் சேர்க்கலாமா?

கொண்டைஊசி: ஏற்காட்டிலிருந்து தினமும் 20 வளைவு இறங்கி சேலத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். செமினாருக்கு எலிசபெத் காஸ்கெல்லின் ‘கிரான்ஃபோர்டு’ எடுத்திருக்கிறேன். சின்ன ஊர்ப் பெண்களின் கதை என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். எனக்கோ நாயகி மேட்டியின் சகோதரர் பீட்டர்தான் மனதில் நிற்கிறார். அப்பா ஊரார் முன்னால் அடித்ததால் ஓடிப்போனவர். பர்மா போரில் சிறைப்பட்டு, அப்புறம் இந்தியாவில் அவுரி (நீலச் சாயச் செடி) தோட்டம் வைத்து, வயதான பிறகு பணத்தோடு திரும்புகிறார். அவர் அம்மாவுக்கு அனுப்பிய வெள்ளைச் சால்வை, அம்மா இறந்த மறுநாள்தான் வந்து சேர்கிறது. அதைப் போர்த்தியே அடக்கம் செய்கிறார்கள். படிக்கும்போது அழுதுவிட்டேன்.

ஆனால் அந்த அவுரியை அறுத்தது யார்? என் அப்பாயி காபிப் பழம் பறித்தவர். மேஸ்திரி எடையைக் குறைத்து எழுதியதை இன்றும் சொல்வார். இதைக் கட்டுரையில் எழுதினால் தவறா?

பழைய வாத்தியார்: தவறில்லைம்மா. முதலில் நாவலுக்குள்ளேயே பணம் வரும் வழியைப் பிடி. சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ (1847) நாவலைப் பார். ஜேனுக்கு வரும் 20,000 பவுண்டு மடீராத் தீவில் இருந்த சித்தப்பாவுடையது. நாயகன் ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவின் 30,000 ஜமைக்காவிலிருந்து வந்தது. உன் நாவலிலும் பேங்க் திவாலானதும் மேட்டி அம்மாள் வீட்டு முன்னறையில் தேயிலை விற்கிறாளே, அது சீனத்துச் சரக்கு. இதையெல்லாம் நிறுவிவிட்டு, அப்பாயியைக் கடைசியில் கொண்டு வா.

காபிக்காடு: சார் சொல்வது சரிங்க, ஆனால் கடைசியில் வைத்தால் ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கும். தங்கச்சி, முதலிலேயே வை. பர்மா போர் தொடங்கியது 1824. சேலம் கலெக்டர் காக்பர்ன் நம் மலையில் காபி வைத்ததும் அதே 1820களில்தான். ஒன்று மட்டும் கவனம்: பீட்டரின் பயிர் அவுரி, நம்முடையது காபி. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதே.

கொண்டைஊசி: நன்றி சார், நன்றி அக்கா. நேற்று திரும்பப் படித்தேன். பீட்டர் ஊருக்கு வந்து வாய் ஓயாமல் பேசுகிறார். இமயமலையில் தேவதூதனையே சுட்டதாகக்கூடக் கதை விடுகிறார். தோட்டத்து ஆட்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. என் கட்டுரை இதுதான்.

ராத்திரி சால்வைக் கதையை அப்பாயிக்குச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அதை நெய்ஞ்சது யாரு சாமி?” என்று கேட்டார். முதல் வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.