அம்மா இருக்கும் ஹோமில் கவனிக்கிறார்களா இல்லையா, எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

செல்வி:
அம்மாவுக்கு 81 வயசு. ஸ்ட்ரோக்ல வலது பக்கம் விழுந்துட்டதால முதியோர் இல்லத்துல இருக்காங்க. சாயங்காலம் 4 மணிக்குத்தான் பார்க்க விடுவாங்க. போறப்பல்லாம் தலை வாரி, துவைச்ச நைட்டி போட்டு நாற்காலியில உட்கார வச்சிருப்பாங்க. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா மோதிரம் விரல்ல நிக்காம கழண்டு விழுது. பேசிட்டிருக்கும்போதே கண்ணு சொருகுது. போன வாரம் சாக்ஸைக் கழட்டினப்போ இடது குதிகால்ல கட்டைவிரல் அகலத்துக்குச் செவப்பு. கேட்டா, "வயசானா அப்படித்தாம்மா"ங்கிறாங்க. அண்ணன், "நீ எதையாவது கேட்டு வைக்காதே, அவங்க கோபத்தை அம்மா மேல காட்டுவாங்க"ன்னு தடுக்கிறார். எனக்குத் தூக்கமே வரல.

முருகேசன்:
நேரத்தை மாத்திப் போய்ப் பாருங்க சகோதரி. சாப்பாட்டு நேரம் முக்கியம். எங்க அப்பா இருந்த இடத்துல தட்டைக் கொண்டுவந்து முன்னாடி வச்சுட்டுப் போயிடுவாங்க, ஊட்ட ஆள் இருக்காது. அரை மணி கழிச்சு தட்டை எடுத்துட்டு, நோட்டுல "சாப்பிட மறுத்தார்"னு எழுதுவாங்க.

கமலா:
செல்வி, நான் ரிட்டயர்டு நர்ஸ். இந்த மாதிரி இல்லங்கள்லதான் அதிக காலம் வேலை பார்த்தேன்.

முதல்ல அந்தக் குதிகாலைப் பாரும்மா. செவந்த இடத்தை விரலால அழுத்தி எடு. வெளுத்து, திரும்பச் செவந்தா பரவாயில்ல. அழுத்தியும் வெளுக்கலன்னா அது படுக்கைப் புண்ணோட முதல் நிலை. கறுத்த தோல்ல செவப்பு சரியாத் தெரியாது, அதனால சுத்தியிருக்கிற தோலை விட சூடா, கெட்டியா, இல்ல பொதபொதன்னு இருக்கான்னு தொட்டுப் பாரு. தோல் உரியறதுக்கு முன்னாடி பார்த்துட்டா, அந்த இடத்துல பாரம் விழாமப் பண்ணினாலே பெரும்பாலும் ஆறிடும். தேய்ச்சு மட்டும் விடாதே. கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வச்சு, குதிகால் மெத்தையில படாம இருக்கணும்.

குதிகால்ல வந்திருந்தா மத்த இடத்தையும் பார்த்தே ஆகணும்: வால் எலும்பு, இடுப்போட ரெண்டு பக்கம், தோள்பட்டை, பின்னந்தலை. உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட இதெல்லாம் தெரியாது. அம்மா சரின்னா, டயாப்பர் மாத்தும்போது நானும் கூட நிக்கறேன்னு சொல்லு.

அடுத்தது வாய். ஷிஃப்ட் மாறி உள்ள போனதும் நான் முதல்ல பார்க்கிறது அதைத்தான். நாக்கு காஞ்சு வெடிச்சிருந்தா, பல்செட்டுக்கு அடியில பழைய சாப்பாடு ஒட்டியிருந்தா, அங்க யாரும் கிட்டப் போகலன்னு அர்த்தம். வயசானவங்களுக்குத் தாகம் சரியா உறைக்காது. கேட்டாத்தான் தண்ணி தருவோம்னு இருந்தா, அவங்க கேக்கவே மாட்டாங்க. டம்ளரும் காலிங் பெல்லும் எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. அம்மாவுக்கு வராத கைப் பக்கம் வச்சிருந்தா, அது இருந்தும் இல்லாததுதான்.

மோதிரம் கழலுதுன்னியே, எடை எழுதற நோட்டைக் கேளு. ஒரு மாசத்துல 5 சதவீதமோ, ஆறு மாசத்துல 10 சதவீதமோ குறைஞ்சிருந்தா டாக்டர் பார்க்கணும். 50 கிலோ இருந்தவங்க ஒரே மாசத்துல 47.5க்கு வந்தாலே யாராவது பதறியிருக்கணும். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் விழுங்கறதுல சிரமம் வரும், அது நோய். அதைப் பரிசோதிக்காம விடறதுதான் அலட்சியம்.

தூக்கத்துக்கு, மருந்துச் சீட்டைக் கேளு. புதுசா என்ன சேர்த்தாங்க, எந்த டாக்டர் எழுதினார்? ராத்திரி ஆள் பத்தலன்னு மருந்து கொடுத்துப் படுக்க வைக்கிற இடங்கள் இருக்கு. டிமென்ஷியாங்கிற மறதி நோய் உள்ள முதியவங்களுக்குச் சில மனநோய் மருந்துகள் உயிராபத்தைக் கூட்டும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லயே எச்சரிச்சிருக்கு. நீயா எதையும் நிறுத்திடாதே. நீர் வத்தினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் இப்படி மந்தமாகும். ஒண்ணு ரெண்டு நாள்ல திடீர்னு வந்ததுன்னா அன்னிக்கே டாக்டரைக் கூப்பிடணும்.

எல்லாப் புண்ணும் அலட்சியத்தால வர்றதில்ல. கடைசிக் காலத்துல எவ்வளவு பார்த்தாலும் தோல் விட்டுடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு முன்கை லேசா இடிச்சாலே கன்னிப்போகும். அதனால நீ கேக்க வேண்டியது, "இதை எப்போ பார்த்தீங்க, அதுக்கப்புறம் என்ன பண்ணினீங்க?" நல்ல இடம்னா, "செவ்வாய்க்கிழமை பார்த்தோம், தலையணை வச்சோம், ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டறோம், டாக்டருக்குச் சொல்லியாச்சு"ன்னு கடகடன்னு சொல்வாங்க. "வயசானா அப்படித்தான்"ங்கிறது பதிலே இல்ல. புரட்டற சார்ட்டையும் காட்டச் சொல்லு. இன்னும் வராத மணிக்கும் டிக் போட்டிருந்தா அந்தத் தாளை நம்பாதே.

செல்வி:
அக்கா, இன்னிக்குக் காலையில சொல்லாமப் போனேன். குதிகால் வெளுக்கல. பெல் கட்டிலுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. மாடி முழுக்க ஒரே ஒரு பொண்ணு. கேட்டதும் அழுதுட்டா, "நான் ஒருத்தி எத்தனை பேரைக்கா புரட்டறது"ன்னு. அவ மேல புகார் கொடுக்க எனக்கு மனசு வரல.

கமலா:
அவ மேல கொடுக்காதேம்மா. அந்தப் பொண்ணு உண்மையைச் சொல்லிட்டா. நிர்வாகத்துக்கு எழுது: ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆள், இன்னிக்கு டாக்டர் வருவாரா, ரெண்டுக்கும் பதில் எழுத்துல வேணும், எடை நோட்டோட நகலும் சேர்த்து. குதிகால் பக்கத்துல ஸ்கேல் வச்சு தேதியோட போட்டோ எடு. அண்ணன் பயப்படறதுல நியாயம் இருக்கு, அதனால ரெண்டு பேரும் மாறி மாறி, சொல்லாத நேரத்துல போங்க. ரெண்டு மூணு நாள்ல எதுவும் மாறலன்னா, இல்லத்துக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு இதே கடிதத்தை அனுப்பு, வேற இடமும் தேடு. தோல் உரிஞ்சாலோ, கறுத்தாலோ, நாத்தமோ காய்ச்சலோ வந்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதே, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.