2 அங்குலம் உயர்த்திய ஜிம்னிக்கு எந்த அளவு டயர்?

கேள்வி: என் சுசூகி ஜிம்னி ஜீப்புக்கு 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்கள்) பொருத்தியிருக்கிறேன், 195/80 ஆர்15 (195 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம்) டயர்களுக்குப் பதிலாக 235/75 ஆர்15 போடலாமா, 215/75 போதுமா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஐயா, பழைய டயரின் விட்டம் 693 மி.மீ.; 235/75 டயருக்கு ஏறத்தாழ 733. லிஃப்ட் கிட் வண்டியின் உடலை உயர்த்துமேயன்றி அச்சை உயர்த்தாது என்பதால், அச்சின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குக் கீழே பெரிய டயரால் கூடும் 20 மி.மீ. இடைவெளி பாறைப் பாதையில் மிகவும் மதிப்புள்ளது. ஸ்பீடோமீட்டர் மட்டும் முன்பைவிட 6 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும்.

பதில் 2: ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினுக்கு 235/75 டயர் பாரம்தான். ஏற்றத்தில் இழுவை குறையும். பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுவீர்கள் என்றால் 215/75 போதும். எதுவாயினும், நண்பரின் சக்கரத்தை மாட்டி, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, உரசுகிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

பதில் 3: ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள், ஃபோர் வீல் டிரைவில் விட்டம் மாறுபட்ட ஒரு டயர், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சேதப்படுத்தக்கூடும்.