கலைச்சொல் உதவி: பிளக் நனைந்து வண்டி கிளம்பாததற்கு என்ன பெயர்?

அம்பத்தூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். மோட்டார் மெக்கானிக் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து இஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த பழைய கார். பெட்ரோல் வாடை அடிக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் முனை கறுத்து, சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் ஊசியில் தூசி சிக்கிக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிந்தாலும், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தபடியே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து சிலிண்டருக்குள் தேங்கினாலும், புதுப்பேட்டை மெக்கானிக்குகளுக்கு இரண்டுமே ‘ஓவர்ஃப்ளோ’தான். வைத்தியம் வேறு வேறு. மாணவனுக்கு இரண்டு சொல் வேண்டும்.

மயிலாப்பூர்:
ஐயா, முதலில் பெட்ரோலையே ‘கன்னெய்’ என்று எழுதுங்கள். கல் + நெய். நல் + நூல் நன்னூல் ஆனது போல. பெட்ரோலியம் என்ற சொல்லுக்கே பாறை எண்ணெய் என்றுதான் பொருள். சிலிண்டரில் தேங்குவதற்கு ‘மிகைக்கன்னெய்த் தேக்கம்’.

கொளத்தூர், ஒர்க் ஷாப்:
கன்னெய் என்றால் என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் புரியாமல் நிற்பார்கள். பெட்ரோல் விஷயத்தில் அது ஆபத்து. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும், ஒரு பொறி போதும். பெயர் வைக்கும் முன் வாடை எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் வாடை என்றால் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு தட்டுப்படும். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்த பிறகுதான் என்றால் உள்ளே தேக்கம். ஆயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டக்கூடாது.

வேளச்சேரி:
குழந்தை அவசரமாகத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதே, அதேதான் இது. காற்று போகவேண்டிய இடத்தில் நீர்மம் போய் அடைக்கிறது. குழந்தையைத் தலையில் தட்டி மூச்சு வாங்க விடுகிறோம். இங்கே சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து, காற்றை விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுகிறோம். ‘புரையேறல்’ என்றே வைக்கலாம். கிண்ணத்தில் நடப்பது வெறும் ‘வழிதல்’.

மயிலாப்பூர்:
புரை சின்னச் சொல் இல்லை அம்மா. உட்டுளை என்று ஒரு பொருள். குறளின் ‘புரைதீர்ந்த நன்மை’யில் குற்றம். நற்றிணை முதல் பாட்டில் ‘புரைய மன்ற புரையோர் கேண்மை’, அங்கே உயர்வு. தொல்காப்பியத்தில் ‘புரைய’ உவம உருபு. இதற்குமேல் ஒரு சிலிண்டரையும் சுமக்கவேண்டுமா?

தாம்பரம்:
எங்கள் வீட்டில் பாலுக்குப் புரை ஊற்றுவோம். அது எந்தப் புரை?

கொளத்தூர், ஒர்க் ஷாப்:
அதை நாங்கள் உறை என்போம். தயிரை அப்புறம் பார்க்கலாம், ஆசிரியருக்கு வெள்ளிக்கிழமை.

வில்லிவாக்கம்:
புரையேறல் உவமை. கலைச்சொல் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவேண்டும். ‘பிளக் நனைவு’ போதும்.

வேளச்சேரி:
பிஸ்டன் ரிங் தேய்ந்தால் பிளக் ஆயிலிலும் நனையுமே ஐயா? அதற்கும் நனைவு என்றால் மாணவன் கார்புரேட்டரைக் கழற்றுவான்.

மயிலாப்பூர்:
சரி, புரையேறல் என்றே இருக்கட்டும். ஒன்று மட்டும்: தானாக நடந்தால் ஏறுதல், தன்வினை. ஓட்டுநர் சோக்கை இழுத்துக்கொண்டே இருந்தால் அவர் ‘புரையேற்றுகிறார்’, பிறவினை. அந்த வேறுபாட்டைக் குறிப்பில் விட்டுவிடாதீர்கள்.

அம்பத்தூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், அப்போ அதுக்கு மூச்சு விட வழி பண்ணணும்” என்று எழுந்து வந்து, நான் சொல்லாமலே சோக்கை உள்ளே தள்ளினான். ‘வழிதல்’, ‘புரையேறல்’ இரண்டையும் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஓவர்ஃப்ளோவும் இருக்கிறது. பெட்ரோல் பெட்ரோலாகவே போகிறது, மயிலாப்பூர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வில்லிவாக்கம்:
ஆயிலோடு குழம்பும் என்றால் ‘பெட்ரோல் நனைவு’ என்று எழுதலாமே. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.