அடுக்குக் குரல் நியூ ஏஜ் இசைக்கு லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத கோப்பு) உண்மையிலேயே உதவுமா?

இரவுச்செவி:
ஐரிஷ் பாடகி என்யா தன் ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, ஒரு பெரிய குழுவே பாடுவதுபோல் அடுக்குவார் இல்லையா, என்னிடம் இருக்கும் பழைய 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3யில் அந்தக் குரல்கள் எல்லாம் கரைந்து மூட்டமாகத்தான் கேட்கும். போன வாரம் 1988இல் வந்த ‘வாட்டர்மார்க்’ ஆல்பத்தை ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் வடிவத்தில் கேட்டேன், ப்ளூடூத் ஹெட்போனில். தெளிவு கூடின மாதிரி இருந்தது. அது காது சொல்வதா, மனசு சொல்வதா என்று பிடிபடவில்லை. சிடியின் 16 பிட்டை விட்டு 24 பிட்டுக்குப் போனால் இன்னும் பிரிந்து கேட்குமா?

தந்திமீட்டி:
முதலில் ப்ளூடூத்தை விடுங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எஸ்பிசி, ஏஏசி இரண்டுமே இழப்புள்ள கோடெக்குகள், எல்டிஏசி கூட அதிகபட்சம் 990 கேபிபிஎஸ்தான், சிடி தரத்துக்கு 1411 வேண்டும். அதனால் நீங்கள் போட்டது ஃபிளாக்காக இருந்தாலும் காதுக்கு வந்தது மறுபடியும் சுருக்கப்பட்ட ஒலி. வயர் ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 24 பிட் தேவையே இல்லை, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட்டே சுமார் 96 டெசிபல் இடைவெளி தருகிறது, வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு அது தாராளம்.

மழைத்தாளம்:
128இல் மூட்டமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உரத்த ஒலிக்கு அடியில் மறைந்துவிடும் மெல்லிய ஒலியை நாம் எப்படியும் கேட்கமாட்டோம் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில்தான் எம்பி3 சிக்கனம் பிடிக்கிறது. ஆனால் இந்த இசையில் உயிரே அந்த மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது, ஒரு குரல் நின்ற பிறகும் அதன் ரிவெர்ப் (தேய்ந்து போகும் எதிரொலிப்பு) இன்னொரு குரலுக்கு அடியில் நழுவிப் போய்க்கொண்டே இருக்குமே, அது! பாடல் முடிந்து ஒலி தேய்கிற கடைசிச் சில நொடிகளைக் கேளுங்கள், வித்தியாசம் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். 320 கேபிபிஎஸ் என்றால் எனக்கே பெரும்பாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனாலும் சேமித்து வைப்பதற்கு ஃபிளாக்தான், பின்னால் எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் மூலம் கையில் இருக்கும்.

தந்திமீட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. பழைய எம்பி3யோடு ஒப்பிடாதீர்கள், அது வேறு மாஸ்டரிங்காகக்கூட (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) இருக்கலாம். உங்கள் ஃபிளாக்கையே 320க்கு மாற்றி, ஃபூபார்2000 என்ற பிளேயரில், எது எந்தக் கோப்பு என்று தெரியாமலே கேட்டுக் கண்டுபிடிக்கும் ஏபிஎக்ஸ் சோதனை செய்யுங்கள். ஒலி அளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும், கொஞ்சம் உரக்கக் கேட்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும்.

இரவுச்செவி:
வயரில் கேட்டேன், ஏபிஎக்ஸும் செய்தேன். 128இல் 16க்கு 15 சரி, அதுவும் மழைத்தாளம் சொன்ன அந்தத் தேய்கிற இடத்தில்தான் பிடித்தேன். 320இல் 16க்கு 9, அதாவது ஊகம்தான். அப்புறம் 24 பிட் யோசனையை விட்டுவிட்டேன், சிடிக்களை எல்லாம் ஃபிளாக்காக மாற்ற ஆரம்பித்திருக்கிறேன். நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டபோது இடது பக்கம் ஒரு குரல் தனியாக மூச்சு வாங்குவது கேட்டது. இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை.