புதுப்பிப்பு: யெல்லோஸ்டோன் எல்லைக் கோடு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வயோமிங் மாநில எல்லையை ஒட்டி வரையப்பட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. 1872 மார்ச் 1 அன்று அதிபர் கிராண்ட் கையெழுத்திட்ட, பூங்காவை உருவாக்கிய சட்டத்தையே இப்போது படித்தேன்.

கார்டினர் ஆறு யெல்லோஸ்டோன் ஆற்றோடு சேரும் இடத்தில் தொடங்குகிறது கோடு. யெல்லோஸ்டோன் ஏரியின் கிழக்கு முனையிலிருந்து 10 மைல் தள்ளி ஒரு தீர்க்கரேகை, தெற்கு முனையிலிருந்து 10 மைல் தள்ளி ஓர் அட்சரேகை, மேற்கே மாடிசன் ஏரியிலிருந்து 15 மைல். நம் ஊர்ப் பத்திரத்தில் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை விவரம்) எழுதுவது மாதிரிதான்! சட்டத்தில் மொன்டானா, வயோமிங் பெயர்கள் மட்டும் உண்டு. ஆனால் பூங்காவின் ஒரு துண்டு பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குள் கிடக்கிறது.

அப்புறம், 1929-இல் கிழக்குப் பக்கத்து நேர்கோட்டின் சில பகுதிகளை நீர்ப்பிரிமுகட்டை (மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மலைமுகட்டை) ஒட்டித் திருத்தினார்கள்.