‘துறைசாராச் சிறையாய்வு’: ஒரு சொல் முன்மொழிவு

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சிறைத்துறைக்கு வெளியே உள்ளோர் சிறைக்குள் சென்று நிலைமையை அறிந்து அறிக்கை தருவதற்குத் தாங்கள் முன்மொழிந்த ‘சுதந்திரச் சிறைக் கண்காணிப்பு’ என்னும் தொடரை என்னால் ஏற்க இயலவில்லை. நம் மாநிலத்தில் சிறைக் கண்காணிப்பாளர் என்பவர் அச்சிறையின் தலைமை அலுவலர். எவரிடமிருந்து விலகி நிற்க வேண்டுமோ அவருடைய பதவிப் பெயரையே இவ்வாய்வுக்கும் சூட்டினால், சிறைவாசி எந்த நம்பிக்கையில் வாய் திறப்பார்?

‘பார்வையாளர்’ என்பதும் பொருந்தாது. அரசு அலுவலர் அல்லாதோர் சிறையைப் பார்வையிடும் ‘அலுவல்சாராப் பார்வையாளர்’ என்ற பொறுப்பு ஏட்டில் பழையதுதான். ஆனால் புழல் சிறைக்கு வெளியே, கையில் பிஸ்கட் பாக்கெட்டும் ஆதார் நகலுமாகக் காத்திருந்து, சிறைவாசியைச் சந்திக்க வந்ததை “மனுப் பார்க்க வந்தோம்” என்று சொல்லும் தாய்மாரும் மனைவியருமே இங்கு எல்லோரும் அறிந்த பார்வையாளர்கள். சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியவர்க்கும், எந்த அறையையும் திறக்கச் சொல்லும் அதிகாரம் உடையவர்க்கும் ஒரே பெயர் ஆகாது.

சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், சிறை நிர்வாகம் தானே செய்யும் ஆய்வு ஒன்றும், நிர்வாகத்தைச் சாராத அமைப்பு செய்யும் ஆய்வு மற்றொன்றுமாக இரண்டையும் வேண்டுகின்றன. ஆய்வு செய்வோர் முன்னறிவிப்பின்றிச் சிறைக்குள் செல்லவும், ஆவணங்களைப் பார்க்கவும், யாரிடம் பேசுவது என்பதைத் தாமே தேர்ந்து தனியே பேசவும் உரிமை உடையவர்கள் என்கிறது 84-ஆம் விதி. இவ்வளவையும் தாங்கும் சொல்லாக ‘துறைசாராச் சிறையாய்வு’ என்பதை முன்வைக்கிறேன். செய்பவர் ‘சிறையாய்வர்’; ‘ஆய்வாளர்’ என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். ‘நடுநிலை ஆய்வு’ என்பதையும் தவிர்க்கலாம். நடுநிலை மனத்தின் பண்பு. அது துறை அலுவலரிடமும் இருக்கக்கூடும். ஆனால் அவருடைய பதவி உயர்வும் இடமாற்றமும் துறையின் கையில் அல்லவா இருக்கின்றன?

தாங்கள் இட்ட ‘குற்றவாளிகளின் உரிமைகள்’ என்னும் தலைப்பையும் ‘சிறைவாசிகளின் உரிமைகள்’ என மாற்றிவிட வேண்டுகிறேன். புழலில் தண்டனை பெற்றோருக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் தனித்தனிச் சிறைகள் உள்ளன. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களைக் குற்றவாளி என எழுத நமக்கு உரிமையில்லை.

இவ்வாய்வை நடத்தும் அமைப்பை ‘வாரியம்’ என்பதா, ‘ஆணையம்’ என்பதா என்பது மட்டும் எஞ்சுகிறது. சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்டுப் பெறவும் அதிகாரம் வேண்டும் என்பதால் நான் ஆணையத்தையே விரும்புகிறேன்.